மக்களிடம் போவது என்றால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மாநில அரசியல் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். சீர்திருத்தம் செய்வார் என்று நம்பி ஒரு மாநிலமே வாக்களித்து ஒருவரைக் கவர்னர் ஆக்குகிறது. பழம் தின்று கொட்டை போட்ட சட்டமன்றமோ அவர் கொண்டுவரும் எதையும் நகரவிடுவதில்லை. இது மக்கள் தீர்ப்பை அவமதிப்பதுதானே? கலிஃபோர்னியா போல நேரடி வாக்கெடுப்பு வசதி உள்ள இடத்தில், சட்டமன்றத்தை ஒதுக்கிவிட்டு நேராக மக்களிடமே போய்விடலாமே?

ர.

அன்புள்ள ர.,

போகலாம். நடிகராக இருந்து கலிஃபோர்னியா கவர்னரான அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் போனார், நன்றாக அடிவாங்கித் திரும்பினார். 2003ல் அப்போதைய கவர்னர் கிரே டேவிஸைப் பதவியிலிருந்து இறக்கிய தேர்தலில் ஜெயித்து வந்தவர் அவர். மக்கள் தன் பக்கம் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை. 2005 நவம்பரில் சிறப்புத் தேர்தல் வைத்து, நான்கு திட்டங்களை மக்கள் வாக்குக்கு விட்டார். ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புக்கு 2 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு காத்திருப்பு, அரசு ஊழியர் சங்கச் சந்தாவை அரசியலுக்குச் செலவிடக் கட்டுப்பாடு, அரசுச் செலவுக்கு வரம்பு, தொகுதி எல்லைகளை ஓய்வுபெற்ற நீதிபதிகள் வரைவது. நான்கும் தோற்றன.

சட்டமன்றத்தோடு சண்டை போடப் புறப்பட்டவர், நடுவழியில் ஆசிரியர், நர்ஸ், தீயணைப்பு வீரர் எல்லோரோடும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கோ அந்தத் தேர்தலில் இழக்க எதுவுமில்லை. அவர்கள் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லையே! முந்தைய ஆண்டு, 2004ல், கலிஃபோர்னியாவில் மாநில அவைகளுக்கும் அமெரிக்கக் கீழவைக்கும் நடந்த தேர்தலில் 153 இடங்களில் ஒன்றுகூடக் கட்சி மாறவில்லை. 2001ல் இரண்டு கட்சிகளும் பேசி வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் இடம் போய்விடாதபடி வரைந்த தொகுதி எல்லைகள் அவை. அப்படி உட்கார்ந்திருப்பவர் கவர்னரின் புகழுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

நூறு ஆண்டுக்கு முன்னால் விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் இதை வேறு மாதிரி செய்தார். 1900ல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு. வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் நாலு பெரியவர்கள் முடிவு செய்யாமல் வாக்காளர்களே உள்தேர்தலில் தேர்ந்தெடுப்பது ஒன்று. ரயில் கம்பெனிகள் மற்றவர்களைப் போலச் சொத்து மதிப்புக்கு ஏற்ப வரி கட்டுவது இன்னொன்று. சட்டமன்றத்தில் அவருடைய குடியரசுக் கட்சிதான் பெரும்பான்மை. ஆனால் 1901ல் ரயில் வரி மசோதாக்களைத் தோற்கடித்ததும் அதே கட்சிக்காரர்கள்தான். உள்தேர்தல் மசோதாவைச் சாரமில்லாமல் வெட்டி அனுப்பினார்கள். கிடைத்த மட்டும் லாபம் என்று வாங்கிக்கொள்ளாமல் அவர் அதை வீட்டோ செய்தார். மேலவை அவரைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தன்னைத் தடுத்த உறுப்பினரின் சொந்தத் தொகுதிக்கே போவார். மேடையில் நின்று, எந்த மசோதாவுக்கு அந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற அவைப் பதிவை வரிசையாக வாசிப்பார். ஆதாரம் அச்சில் இருக்கும்போது மறுத்துப் பேச முடியாது. 1903ல் ரயில் வரிச் சட்டம் வந்தது. உள்தேர்தல் சட்டம் 1904ல் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தது. ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் ரயில்வே ஆணையம் 1905ல் வந்தது.

லா ஃபாலெட்டைப் புனிதராக்க வேண்டியதில்லை. கட்சி இரண்டாக உடைந்ததில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்குண்டு. பழைய கட்சித் தலைவர்களின் தேர்தல் இயந்திரத்தை எதிர்த்தவர், அரசு வேலைகளைத் தன் ஆதரவாளர்களுக்குக் கொடுத்துத் தனக்கென்று ஓர் இயந்திரத்தையும் கட்டிக்கொண்டார்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அவமதிப்பு என்று நான் சொல்லமாட்டேன். உறுப்பினரும் வாக்கு வாங்கித்தான் வந்திருக்கிறார். அமெரிக்க மாநிலங்களில் கவர்னருக்கு அவையில் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. மோதல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது, அந்த உறுப்பினரைத் தோற்கடிக்க அவருடைய வாக்காளர்களுக்கு உண்மையில் வழி இருக்கிறதா என்பதை. லா ஃபாலெட்டின் உள்தேர்தல் சட்டம் அந்த வழியைத் திறந்தது. ஷ்வார்ஸ்நெகரின் நான்கில் தொகுதி எல்லைத் திட்டம் ஒன்றுதான் அந்தப் பக்கமே போனது. அதை மற்ற மூன்றோடு கட்டி வைத்ததால் அதுவும் சேர்ந்து மூழ்கியது.

2005க்குப் பிறகு அவர் மாறினார். டேவிஸிடம் வேலை செய்த ஜனநாயகக் கட்சிக்காரரான சூசன் கென்னடியைத் தன் அலுவலகத் தலைவராக்கினார். சட்டமன்றத்தோடு பேசி 2006ல் பருவநிலைச் சட்டம் கொண்டுவந்தார். மாநில அவைத் தொகுதிகளின் எல்லை வரைவதைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து 14 குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் கொடுக்கும் திட்டம், 2008ல் மயிரிழையில் ஜெயித்தது. இந்த முறை பொதுநல அமைப்புகளும் கூட நின்றன. அப்புறம் 2009ல் பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. ஏபல் மால்டொனாடோ என்ற மேலவை உறுப்பினர் தன் வாக்குக்கு விலையாகப் பொது உள்தேர்தலை, அதாவது எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே உள்தேர்தலில் நின்று முதல் இருவர் மட்டும் இறுதித் தேர்தலுக்குப் போகும் முறையை, மக்கள் வாக்குக்கு விடச் சொன்னார். வேண்டாவெறுப்பாகச் சட்டமன்றமே அதை அனுப்பி வைத்தது. 2010 ஜூனில் அதுவும் நிறைவேறியது.