டயலிசிஸ் மிஷினில் வரும் நடுக்கம் ஏசி குளிரால் அல்ல

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம். நான்கு மாதமாகக் கழுத்து ட்யூப் வழியாகக் கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ் நடக்கிறது. தலைமுடி கொட்டுகிறது, உடம்பெல்லாம் கடி. கொழும்புத் தண்ணீர்தான் காரணமா? கடைசி மூன்று தடவையும் மிஷினில் போட்டு அரை மணித்தியாலத்தில் குளிர்ந்து நடுங்கினார், அங்கே ஏசி அதிகம். வீட்டில் பனடோல் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. போன கிழமை ஃபார்மசியில் அமொக்ஸிசிலினும் வாங்கிக் கொடுத்தோம். டயலிசிஸ் தொடங்கினால் ஐந்து வருடம்தான் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பன்றிச் சிறுநீரகம், புது மிஷின் என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறதாமே, அப்பாவுக்கு ஏதாவது உதவுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிள்ளை, நாளைக்கு டயலிசிஸ் இருக்கிறதே, அப்போது சொல்லலாம் என்று வைத்திருக்காமல், இதை வாசித்த கையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டயலிசிஸ் செய்யும் இடம் மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வெறுமனே காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம். கழுத்தில் டயலிசிஸ் ட்யூப் இருக்கிறது, மிஷினில் போட்டதும் நடுங்குகிறார், மூன்று தடவை நடந்துவிட்டது என்று சொல்லுங்கள். அமொக்ஸிசிலின் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏசி குளிருக்கு நடுங்குபவர் போர்வை போட்டால் நின்றுவிடுவார், அதுவும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் சேர்ந்து நடுங்க வேண்டும். அப்பாவின் நடுக்கம் மிஷின் ஓடத் தொடங்கி அரை மணித்தியாலத்தில், ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் வருகிறது. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பது போல அந்த ட்யூபின் உட்பக்கத்தில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும், மிஷின் அதன் வழியே வேகமாக இரத்தத்தை இழுத்துத் தள்ளும்போது அந்தக் கிருமிகள் நேராக இதயத்துக்குப் போகிற இரத்தத்தில் கலக்கும், அப்போதுதான் உடம்பு தூக்கிப்போடும். வீட்டுக்கு வந்த பிறகு அடங்குவது பனடோலால் மட்டுமில்லை, மிஷின் நின்றுவிட்டதாலும்தான். அடுத்த தடவை திரும்ப வரும், ஒரு நாள் அடங்காமலும் போகும்.

காய்ச்சல் 100ஐத் தாண்டவில்லையே என்று ஆறுதல்படவும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்புச் சூடு சாதாரணமாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும், சீனி வருத்தமும் சேர்ந்தால் பெரிய தொற்றுக்குக்கூடக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது. நடுக்கமே போதுமான அறிகுறி. அதோடு புதிதாக முதுகு வலி, மூச்சு வாங்குவது, பேச்சில் தடுமாற்றம் ஏதாவது இருந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம், ஏனென்றால் இந்தக் கிருமி இதய வால்வுகளிலும் முதுகெலும்பிலும் போய்க் குடியேறும், அங்கிருந்து அதை அகற்றக் கிழமைக்கணக்காக ஊசி போட வேண்டிவரும்.

அமொக்ஸிசிலினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அன்பினால்தான் வாங்கிக் கொடுத்தீர்கள், தெரியும். ஆனால் ட்யூபில் அடிக்கடி பிடிக்கும் கிருமி ஸ்டெஃபிலோகொக்கஸ், அமொக்ஸிசிலின் அதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையையும் கெடுத்துவிடும். கையிலிருந்தும் ட்யூபிலிருந்தும் இரத்தம் எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்த பிறகுதான் சரியான அன்டிபயோடிக்கைத் தேர்ந்தெடுக்க முடியும், அரைகுறையாகக் குளிசை போட்டவரின் இரத்தத்தில் கிருமி இருந்தும் கல்ச்சரில் முளைக்காமல் போகலாம். டொக்டர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் அன்டிபயோடிக் வாங்கும் பழக்கம் எல்லாருக்குமே கெடுதல்தான், கழுத்தில் ட்யூப் உள்ளவருக்கு உயிராபத்து. மிச்சக் குளிசைகளை இப்போதே நிறுத்துங்கள். ட்யூபைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள், சில கிருமிகள் ட்யூப் உள்ளே இருக்கும்வரை போகவே போகாது.

அப்புறம் அந்த ஐந்து வருடக் கதை. உங்கள் கடிதம் முழுக்க இந்தப் பயம்தான் இருக்கிறது. 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் நிரந்தரமாக டயலிசிஸ் செய்ய வழி கண்டுபிடித்தபோது முதலில் மிஷினில் ஏறிய கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருடம் வாழ்ந்தார், அதுவும் அந்தக் காலத்துக் கரடுமுரடான சாதனங்களோடு. இப்போது இருபது, முப்பது வருடம் டயலிசிஸ் செய்து வாழ்பவர்களும் இருக்கிறார்கள், சீக்கிரம் போய்விடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்கு வயது, சீனி, இதயத்தின் நிலை எல்லாமே காரணம். ஆனால் டயலிசிஸ் செய்பவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய், அதற்கடுத்தது தொற்று. இந்த இரண்டாவதைத் தடுக்க வீட்டிலேயே நிறையச் செய்யலாம், அதனால்தான் முடி கொட்டுவதை விட்டுவிட்டு ட்யூபைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சி என்று கேட்டீர்கள். உண்மையாகவே நல்ல ஆராய்ச்சிகள் வருகின்றன. ஐரோப்பாவில் 1360 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்ற முறையில் அதிக அளவு நீரைக் கடத்திச் சுத்தம் செய்தவர்களில் 17.3 சதவீதமும், வழக்கமான நல்ல டயலிசிஸ் செய்தவர்களில் 21.9 சதவீதமும் இறந்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த முறைக்கு ஒவ்வொரு தடவையும் 23 லீட்டர் அளவு நீரைக் கடத்த வேண்டும், அதற்கு இரத்தம் தடையில்லாமல் வேகமாக ஓட வேண்டும், தொற்றுப் பிடித்த கழுத்து ட்யூபை வைத்துக்கொண்டு அதைப் பற்றி யோசிக்கவே முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே 2023இல் சொன்ன இன்னொரு விஷயம்தான் அப்பாவுக்கு நேராகப் பொருந்துகிறது: டயலிசிஸ் செய்பவர்களுக்கு ஸ்டெஃபிலோகொக்கஸ் இரத்தத்தில் தொற்றும் ஆபத்து மற்றவர்களை விட 100 மடங்கு. அங்கே 2014க்கும் 2019க்கும் இடையில் இரத்தத் தொற்றுகள் 40 சதவீதம் குறைந்தன. அதற்கு அதிசய மிஷின் எதுவும் காரணமில்லை, ட்யூபைக் குறைத்து, கையில் இரத்தக் குழாய்களை இணைத்துப் போடும் பிஸ்டுலாவைக் கூட்டியதும், கைகழுவுவது, ட்யூபின் வாயைச் சுத்தம் செய்வது மாதிரியான வேலைகளை ஒழுங்காகச் செய்ததும்தான்.

ஆகவே நான் திருப்பிக் கேட்கிறேன், நான்கு மாதமாகியும் ஏன் இன்னும் பிஸ்டுலா போடவில்லை? கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் அந்தச் சிறிய சத்திரசிகிச்சையை நியூயோர்க் மருத்துவர்கள் 1966இலேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள், இன்றுவரை டயலிசிஸுக்கு அதைவிட நல்ல வழி வரவில்லை. கை வீங்கும், அசிங்கமாக இருக்கும், பெரிய ஊசி குத்துவார்கள் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு எத்தனையோ பேர் தள்ளிப்போடுகிறார்கள், எனக்கு இது ஒவ்வொரு தடவையும் வேதனை. போட்டதும் பாவிக்க முடியாது, நாளம் தடிக்க ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதம்வரை போகும், சிலருக்கு முதல் தடவை சரிவராமலும் போகும். அதனால்தான் இன்றைக்கே கேட்க வேண்டும். தொற்று அடங்கியதும் கை ஸ்கேன் எடுக்கத் திகதி வாங்குங்கள். அதுவரை அவர் எழுதாத கையைப் பத்திரப்படுத்துங்கள், அதில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ சேலைன் ஊசி குத்தவோ யாரையும் விட வேண்டாம், நர்ஸ் கோபித்தாலும் பரவாயில்லை. அப்பாவின் இதயம் பலவீனமாக இருந்தால் பிஸ்டுலா பொருந்தாமல் போகலாம், அப்போது வயிற்று வழி டயலிசிஸ் செய்யலாமா என்று கேளுங்கள், அதை வீட்டிலேயே செய்யலாம், இரத்தக் குழாயில் ட்யூப் வேண்டாம்.

ட்யூப் இருக்கும்வரை அதை டயலிசிஸ் ஆட்களைத் தவிர யாரும் திறக்கக் கூடாது, மருந்து ஏற்றக்கூட. பன்டேஜ் நனையக் கூடாது, கழுத்துக்குக் கீழேதான் குளிப்பு. மஞ்சள், எண்ணெய், பாம் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. முடி கொட்டுவது பெரிய நோய்க்குப் பிறகு பலருக்கும் நடப்பது, விட்டுவிடுங்கள். கடிக்கு வரண்ட தோலோ இரத்தத்தில் பொஸ்பரஸ் கூடியதோ காரணமாக இருக்கலாம், அடுத்த கிளினிக்கில் கேட்டால் போதும். கொழும்புத் தண்ணீரை விடுங்கள். தண்ணீரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணப்படும் வேறு நோய், அப்பாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இருபது வருடச் சீனியாகத்தான் இருக்கும். டயலிசிஸுக்கு ஒரு தடவைக்கு 120 லீட்டர் அளவு தண்ணீர் போகிறது என்பது உண்மை, ஆனால் அது குழாயிலிருந்து நேரே வருவதில்லை, தனியாகச் சுத்திகரித்துத்தான் வருகிறது.

கடிதத்தின் ஓரத்தில் காமரங்காய்ச் சாறு கொடுக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அதில் உள்ள கரம்பொக்சின் என்ற நஞ்சைப் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் பிரித்தெடுத்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், அப்பாவுடையதால் முடியாது, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம்வரை போகும். தம்பிலி இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் கூட. கிழமைக்கு இரண்டு தடவைதான் டயலிசிஸ் என்றால் ஒரு இடைவெளி மற்றதை விட நீளமாக இருக்கும், அந்த நாட்களில்தான் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறி இதயத்தைத் தாக்கும், ஆகவே ஒரு தடவைகூடத் தவறவிட வேண்டாம்.

மரபணு மாற்றிய பன்றிச் சிறுநீரகத்தை 2024 மார்ச்சில் பொஸ்டனில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார்கள், அவர் இரண்டு மாதத்தில் இறந்தார், மாற்றுச் சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்னது. வேலை தொடர்கிறது, ஆனால் அதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். தம்பி ஒரு சிறுநீரகம் கொடுக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் வழி. கிருமி முழுதாகப் போகாமல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்ய மாட்டார்கள், அப்பாவின் இதயத்தையும் பரிசோதிப்பார்கள். அப்பாவுக்குச் சீனி என்பதால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் அவருடைய இரத்தப் பிரிவோடு சீனியையும் பிரஷரையும் இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.