பெயரை மறந்தவன் ஏன் பயமுறுத்தவில்லை?

கேள்வி: தலையில் அடிபட்டுப் பெயரே மறந்துபோன ஒருவன் ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறான், தேடித் தேடிப் போய்க் கடைசியில் கொலைகாரன் தான்தான் என்று அறிகிறான். இப்படி ஒரு திகில் சிறுகதை எழுதினேன். வாசித்தவர்கள் நல்லாயிருக்கு என்றார்கள், ஒருவரும் பயப்படவில்லை. எங்கே பிழை?
- வாசகர், ஒட்டுசுட்டான்

தம்பி, அந்த முடிவுக்கு வாசிப்பவர் உங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருப்பார். அதோடு, தலையில் அடிபட்டவர் பெரும்பாலும் தன் பெயரை மறப்பதில்லை. அடிபட்ட பொழுதையும் அதற்குக் கொஞ்சம் முன்பின் நடந்ததையும்தான் இழப்பார். பெயர், வீடு, உறவு எல்லாம் ஒன்றாகப் போவது அநேகமாகத் தாங்க முடியாத மன அதிர்ச்சியால்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்புக்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையக் கொடுத்தபோது, மூன்று நாளில் கை நன்றாகத் தேறிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான். ஆள் மறந்ததைக் கை வைத்திருக்கிறது, இதை வாசித்த அன்று எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. உங்கள் திகில் இங்கேதான் இருக்கிறது.

சரி, அவனை ஆஸ்பத்திரியில் வைக்காமல் வன்னியில் ஒரு வீட்டுப் படலையில் கொண்டுவந்து விடுங்கள். 2009இல் மகனைத் தொலைத்த ஒரு தாய் "என்ர பிள்ளை" என்று அவன் கையைப் பிடிக்கிறாள். "சின்னனில இந்தக் கிணத்துக்கை விழுந்தனியெல்லே" என்கிறாள். ஒரு கிழமைக்குள் அவனுக்கு அது நினைவு வந்துவிடுகிறது, பாசி மணத்தோடு, தண்ணீர் மூக்கில் ஏறிய எரிவோடு. அவன் பொய் சொல்லவில்லை. நினைவில் ஓட்டை விழுந்தால் மூளை கிடைத்ததை வைத்து அதை அடைத்துவிடுவதும், அந்த ஆள் அதை முழுசாக நம்புவதும் மருத்துவர்கள் காண்கிற விஷயம்தான்.

அப்புறம் ஒரு நாள் கத்தியை எடுத்து இளநி சீவுகிறான், வலக்கையால், பழகிய வேகத்தில். அவளுடைய மகன் இடக்கையன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றும் சொல்லாமல் இளநியை வாங்கிக் குடிக்கிறாள், இரவு மகனின் சட்டையை மடித்து அவன் பாயில் வைக்கிறாள். வாசிப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும், அவனுக்கு மட்டும் விளங்காது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தத் தாயைப் பேயாகவோ பைத்தியமாகவோ ஆக்கிவிடாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் உட்காரத் தொடங்கிய அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அவர்களில் ஒருவர் உங்கள் கதையை வாசிக்கக்கூடும். அவள் தெரிந்தே செய்கிறாள், ஏன் செய்கிறாள் என்று நமக்கும் தெரிகிறது, பயம் அதிலேயே வந்துவிடும்.

கொலையை எடுத்துவிடுங்கள். படலையில் தொடங்கி, சட்டை மடிக்கிற இடத்தில் நிறுத்தி, திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள்.