சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பல் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் கருப்பனுக்கு 11 வயது. ஒரு வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் 3 யூனிட் இன்சுலின் போடுகிறேன். ஆனாலும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. வாய் நாறுகிறது, ஒரு பக்கமாகவே மெல்லுகிறான். ஈறு கெட்டுவிட்டது, 4 பல்லை எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். சர்க்கரை கட்டுக்குள் வராமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? அன்றைக்கு இன்சுலின் போடலாமா? வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சர்க்கரை முழுதாகக் கட்டுப்படட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஈறில் சீழும் வீக்கமும் இருக்கும் வரை உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதாவது, கருப்பனின் சர்க்கரை இறங்காததற்கு அந்தப் பற்களே ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை இறங்கினால்தான் பல், பல் போனால்தான் சர்க்கரை என்று இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை உடைக்க எளிய இடம் பல்தான்.

ஆனால் தள்ளிப்போட்டே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. சிறுநீரில் கீட்டோன் (சர்க்கரைக்குப் பதிலாக உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலப்பொருள்) தெரிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தாலோ முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். மற்றபடி நன்றாகச் சாப்பிட்டு, நடமாடி, எடை குறையாமல் இருக்கும் பூனைக்கு 300 என்ற எண் மட்டுமே தடையாகாது. இன்னொன்று, அந்த 300-ஐ எங்கே அளந்தீர்கள்? பயத்திலேயே பூனைகளுக்குச் சர்க்கரை எகிறும். சர்க்கரை நோயே இல்லாத பூனைகூட மருத்துவமனை மேசையில் 300-ஐத் தொடுவதுண்டு. வீட்டில் காது ஓரத்தில் குத்திப் பார்த்த அளவுகளையும், ஃபிரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையையும்தான் நான் நம்புவேன். கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும். கூடவே சிறுநீரகம், கல்லீரல், பொட்டாசியம், ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 11 வயதில் சர்க்கரையைவிடச் சிறுநீரகமோ இதயமோதான் மயக்க மருந்துக்குப் பெரிய சிக்கலாக இருக்கலாம்.

அறுவைசிகிச்சைக்கு அன்றைய முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். பட்டினி நேரம் குறையும், மாலைக்குள் வீட்டுக்கு வந்து வழக்கமான நேரத்தில் சாப்பிடவும் முடியும். முன்பெல்லாம் இரவு முழுக்கப் பட்டினி போடுவார்கள். இப்போது சர்க்கரை நோயுள்ள விலங்குகளுக்குச் சில மணி நேரம் முன்புவரை கொஞ்சம் டின் உணவு கொடுக்கலாம் என்பதே பல மருத்துவர்களின் வழக்கம். இன்சுலினைப் பொறுத்தவரை, காலையில் சர்க்கரையை அளந்து பார்த்துவிட்டு, வழக்கமான அளவில் பாதி போடுவதுதான் பொதுவான முறை. காலையிலேயே அளவு குறைவாக இருந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் கருப்பனுக்கு எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு என்பதை மயக்க மருந்து கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். முந்தின நாளே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சில பூனைகளுக்கு இப்போது இன்சுலினுக்குப் பதிலாக வெலாகிளிஃப்ளோசின், பெக்ஸாகிளிஃப்ளோசின் போன்ற வாய்வழி மருந்துகள் தருகிறார்கள். கருப்பன் இன்சுலினில் இருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த மருந்தில் இருக்கும் பூனை பட்டினி கிடந்தால் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் ஏறிவிடும். அதை வளர்ப்பவர்கள், எத்தனை நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. மயக்கத்தில் இருக்கும்போது அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை சர்க்கரை பார்ப்பீர்களா? மயக்கத்தில் கிடக்கும் பூனை தள்ளாடிக் காட்ட முடியாது. அளவு இறங்குவதை மீட்டர் மட்டும்தான் சொல்லும். இறங்கினால் டிரிப்ஸில் குளுக்கோஸ் சேர்ப்பீர்களா? பல் வேருக்கு எக்ஸ்ரே எடுப்பீர்களா? பூனைப் பல்லின் வேர் உடைந்து உள்ளேயே தங்கினால் வீக்கமும் வலியும் தொடரும், நீங்கள் இவ்வளவு துணிந்ததற்குப் பலன் இருக்காது. ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்பதையும் நினைவூட்டிவிடுங்கள். வீக்கத்துக்கென்று போடும் ஒரு ஊசி, சர்க்கரையை வாரக்கணக்கில் தலைகீழாக்கிவிடும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. பெரும்பாலானவர்கள் பயப்படுவது அந்த அறுவைசிகிச்சை மேசையைப் பார்த்து. நான் பயப்படுவது அடுத்து வரும் 2 வாரங்களைப் பார்த்து. வாய் வலியில் பூனை சரியாகச் சாப்பிடாது. அதே நேரம் வீக்கம் வடிய வடிய இன்சுலின் தேவையும் குறையும். பழைய வழக்கத்தில் 3 யூனிட்டை ஏற்றிவிட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் இந்த நாட்களில் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் அளந்து பாருங்கள், சாப்பிடுகிறானா என்று பாருங்கள், அப்புறம் சிரிஞ்சைக் கையில் எடுங்கள். 150-க்குக் கீழே இருந்தாலோ, சாப்பாட்டைத் தொடவே இல்லை என்றாலோ, ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதைப் பூனை தாங்கும். இறங்கினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டாலும் திரும்பாத மந்தம், வலிப்பு, இவையெல்லாம் சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள். 60-க்குக் கீழே என்றால் உடனே செயல்பட வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் உணவு கொடுங்கள். இல்லையென்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு, தையல் இல்லாத பக்க ஈறில் தடவிவிட்டு, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரல் விடாதீர்கள், எதையும் ஊற்றவும் செய்யாதீர்கள்.

சிரிஞ்சிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. யூ-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், யூ-100 என்றால் 100 யூனிட். யூ-40 இன்சுலினுக்கு யூ-40 சிரிஞ்ச், யூ-100-க்கு யூ-100 சிரிஞ்ச். யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். புதுப் பாட்டில் வாங்கினால் லேபிளை ஒரு முறை படித்துவிடுங்கள். அளக்கும் மீட்டரும் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் அளவைக் குறைத்துக் காட்டும். இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் குழப்பம்தான்.

சாப்பாடு மென்மையாக இருக்கட்டும். லேசாகச் சூடு காட்டிக் கொடுத்தால் வாசனை எழும்பி, பூனை கிட்டே வரும். வலி மருந்தை நிறுத்தாதீர்கள், வலி அடங்கினால்தான் சாப்பிடும். ஆனால் வீட்டில் இருக்கும் மாத்திரை எதுவும் வேண்டாம். ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், கீட்டோனும் ஏறும். வாந்தியோ, மூச்சில் நகப்பூச்சு நீக்கியைப் போன்ற வாசனையோ வந்தால் நேரே மருத்துவமனைதான்.

ஒவ்வொரு நாளும் சர்க்கரை, சாப்பிட்ட அளவு, போட்ட யூனிட், சிறுநீர்த் தட்டு மணலில் எத்தனை ஈரக் கட்டி என்பதைக் குறித்து வையுங்கள். 2 வாரத்தில் தையலைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். அளவு சீராக இறங்கிவந்தால் இன்சுலினை அவர் படிப்படியாகக் குறைப்பார். சில பூனைகளுக்கு ஒரு கட்டத்தில் ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு. கருப்பனுக்கு அப்படி அமைந்தாலும் மீட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல், வாரம் ஒரு முறையாவது அளந்து பாருங்கள்.