‘தட்’டுக்குப் பின்னால் வரும் ‘ஐ’ யார்?

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை மேலாளருக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதினேன்: ‘தி கஸ்டமர் ஹூ ஐ ஸ்போக் டு ஹிம் யெஸ்டர்டே செட் தட் ஐ வில் பே டுமாரோ.’ அதைப் படித்துவிட்டு, “பணத்தை நீங்களா கட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார். தவறு எங்கே இருக்கிறது? இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தவறு இரண்டே வகைதான். இரண்டுமே தமிழில் சரியாக யோசித்ததால் வந்தவை.

பணம் சம்பந்தப்பட்டதை முதலில் பார்ப்போம். ‘நான் நாளை கட்டுகிறேன் என்று சொன்னார்’ என்று தமிழில் தாராளமாக எழுதலாம். அவர் வாயிலிருந்து வந்த ‘நான்’ அப்படியே நிற்கும், பின்னால் வரும் ‘என்று’ அதைத் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தின் ‘தட்’டுக்கு அந்த வேலை தெரியாது. ‘தட்’ போட்டுவிட்டால் அதன் பிறகு பேசுவது கடிதம் எழுதுபவர் மட்டும்தான். அங்கே ‘ஐ’ என்றால் நீங்கள்தான். மேலாளர் கேட்டதில் தப்பே இல்லை. வாடிக்கையாளரைக் குறிக்க ‘ஹி’ வேண்டும். ‘வில்’ என்பதை ‘வுட்’ என்று மாற்றுவது வழக்கம். கட்டும் நாள் இன்னும் வரவில்லை என்றால் ‘வில்’ இருந்தாலும் குற்றமில்லை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ‘ஹூ… ஹிம்’. ‘நான் நேற்றுப் பேசிய வாடிக்கையாளர்’ என்கிறோமே, அந்தப் பெயரெச்சத்துக்குள் ‘அவர்’ என்ற சொல்லே கிடையாது. அப்படியானால் ஆங்கிலத்தில் மட்டும் ‘ஹிம்’ எங்கிருந்து முளைக்கிறது? ‘ஹூ என்றால் யார்’ என்று எழுதிவைத்த கையேடுகளிலிருந்துதான். ‘யாரோடு பேசினேனோ அவர்’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்க்கிறோம், அந்த ‘அவர்’ ‘ஹிம்’ ஆகி உள்ளே வந்துவிடுகிறது. உண்மையில் ‘ஐ ஸ்போக் டு ஹிம்’ என்பதில் இருந்த ‘ஹிம்’தான் எழுந்து போய், முன்னால் ‘ஹூ’வாக நிற்கிறது. அது விட்டுப்போன இடம் காலியாகவே கிடக்க வேண்டும். ‘டு’ தனியாகத் தொங்குவதைப் பார்த்துப் பயந்து அங்கே மறுபடி ஆளை உட்கார வைக்காதீர்கள். ‘தி கஸ்டமர் ஐ ஸ்போக் டு’ என்று ‘ஹூ’வையே எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஹூம் போட்டால்தான் மரியாதையான ஆங்கிலம்’ என்று சொல்லிக் கொடுக்கும் குறுகிய கால வகுப்புகள் ஏராளம். காசு வாங்கிக்கொண்டு கடிதம் திருத்தித் தருகிறவர்களிலும் பலர் கண்ணில் பட்ட ‘ஹூ’வை எல்லாம் ‘ஹூம்’ ஆக்கிவிட்டுத் திருத்தியதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். உங்கள் வாக்கியத்தில் ‘ஹூம்’ பொருந்தும், ‘ஹிம்’ இருந்த இடம் என்பதால். ஆனால் ‘தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் தி ஓனர்’ என்பதைப் பாருங்கள். ‘ஹூ’வுக்கு அடுத்து ‘ஐ’ நிற்பதால் ‘ஹூம்’ போடக் கை துடிக்கும். பழுத்த எழுத்தாளர்களே வழுக்கும் இடம் இது. ‘ஐ திங்க்’கை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: ‘ஹூ இஸ் தி ஓனர்.’ நாம் ‘ஹி இஸ் தி ஓனர்’ என்போம், ‘ஹிம் இஸ்’ என்று சொல்ல மாட்டோம். ஆகவே ‘ஹூ’தான் சரி. அதே கருத்தை ‘ஐ பிலீவ் ஹிம் டு பி ஆனஸ்ட்’ என்ற அமைப்பில் சொன்னால் மட்டும் கதை மாறும். அங்கே ‘ஹிம்’ இருப்பதால் ‘ஹூம் ஐ பிலீவ் டு பி ஆனஸ்ட்’ என்று வரும். இவ்வளவு வித்தியாசமும் அந்த ‘டு பி’யால் வருவது. சந்தேகம் வந்தால் ‘ஹி’யா ‘ஹிம்’மா என்று வைத்துப் பாருங்கள், ‘ஹூம்’ எழுதினால் கௌரவமா என்று பார்க்காதீர்கள்.

சரி, ‘ஐ’யை ‘ஹி’ ஆக்கிவிட்டோம். அடுத்த ஆபத்து அந்த ‘ஹி’க்குள்ளேயே இருக்கிறது. ‘ரவி டோல்ட் மணி தட் ஹி ஹாட் பாஸ்ட்.’ இதில் தேறியது ரவியா, மணியா? தமிழில் ‘தான் தேறிவிட்டதாக ரவி மணியிடம் சொன்னான்’ என்றால் குழப்பமே இல்லை. அந்தத் ‘தான்’ ஆங்கிலத்தில் கிடையாது. ‘தான்’ என்பதற்கு ‘ஹிம்செல்ஃப்’ என்று அகராதி சொல்வதை நம்பி ‘தட் ஹிம்செல்ஃப் ஹாட் பாஸ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். பெயரையே இன்னொரு முறை எழுதுவதுதான் வழி. திரும்பத் திரும்பப் பெயர் வந்தால் அழகில்லையே என்று தோன்றும். பணம், தேதி, பொறுப்பு பேசும் கடிதத்தில் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயருக்கு முன்னால் ‘ஹி’ வரலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். ‘வென் ஹி கேம் ஹோம், ரவி வாஸ் டயர்ட்’ என்பதில் ‘ஹி’ ரவியாகவே இருக்கலாம், ஏனென்றால் அது ‘வென்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்குள் இருக்கிறது. ‘ஹி வாஸ் டயர்ட் வென் ரவி கேம் ஹோம்’ என்று எழுதினால் களைத்தவர் வேறு, வீட்டுக்கு வந்த ரவி வேறு. பெயருக்கு முன்னால் வரும் ‘ஹி’ முதன்மை வாக்கியத்துக்குப் போனதுமே ஆள் மாறிவிடுகிறார். சொற்கள் அதேதான், இடம் மட்டும்தான் மாறியது.

இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. ‘இரண்டு வாக்கியங்களை ஹூ கொண்டு இணைக்க’ என்று கேட்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ‘இந்த ஹி யார்?’ என்று எத்தனை தேர்வுத்தாள்களில் கேட்டிருக்கிறார்கள்? பத்துப் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவர் முதல் அலுவலகக் கடிதத்திலேயே அவமானப்படுகிறார், அதற்கு அவர் காரணமே இல்லை. கணினியில் இருக்கும் பிழைதிருத்தியை நம்பியும் இருந்துவிட வேண்டாம். மிஞ்சிய ‘ஹிம்’மை அது பிடித்துவிடலாம். ‘ஐ வில் பே’ இலக்கணப்படி குறையில்லாத தொடர், பணம் கட்டுவது நீங்கள் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். அதில் ‘டுமாரோ’வும் ‘ஐ’யைப் போலவே அவர் வாயிலிருந்து அப்படியே வந்தது. அவர் நேற்று ‘நாளை’ என்றார் என்றால், நீங்கள் எழுதும் நாளில் அது ‘இன்று’. ஆகவே இப்படி அனுப்புங்கள்: ‘தி கஸ்டமர் ஐ ஸ்போக் டு யெஸ்டர்டே செட் தட் ஹி வுட் பே டுடே.’ மேலாளர் எப்போது திறந்து படிப்பார் என்று உறுதியில்லை என்றால் ‘டுடே’க்குப் பதிலாகத் தேதியையே எழுதிவிடுங்கள்.