அறிக்கைக்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும்

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போன விமானத்தின் விபத்தில் என் தங்கை கணவர் இறந்து 14 மாதம் ஆகிறது. இறுதி அறிக்கை வந்தால்தான் இழப்பீடு, அதுவும் அமெரிக்காவில்தான் கேட்க முடியும் என்று ஒருவர் பவர் எழுதிக் கேட்கிறார். பத்திர நகலை இணைத்திருக்கிறேன். பைலட் தப்பு என்றால் பணமே வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பொய். தங்கையிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. சர்வதேச விமானப் பயணத்தில் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009-இல் ஏற்றது. விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே அற்றுப்போகும் என்கிறது அது. விசாரணை முடியவில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

விசாரணைக் குழு தேடுவது அடுத்த விபத்தைத் தடுக்கும் வழியை. பழி சுமத்துவது அதன் வேலையல்ல என்று சர்வதேச விதியே சொல்கிறது. 30 நாளில் முதற்கட்ட அறிக்கை, முடிந்தால் 12 மாதத்தில் இறுதி அறிக்கை. அந்த 'முடிந்தால்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பங்களை எத்தனை காலம் வாசலில் நிறுத்துவது?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேர் இறந்தார்கள். ஒரு மாதத்தில் வந்த அறிக்கை 15 பக்கம். எரிபொருள் சுவிட்சுகள் அடுத்தடுத்து அணைந்த நிலைக்குப் போனதையும், ஏன் அணைத்தாய் என்று ஒரு பைலட் கேட்க, நான் அணைக்கவில்லை என்று மற்றவர் சொன்னதையும் அது பதிவு செய்தது. எது யார் குரல் என்று சொல்லவில்லை. அதற்குள் டிவியில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். துக்க வீட்டில் அந்த வீடியோக்களை ஓடவிடாதீர்கள்.

பைலட் விமான நிறுவனத்தின் ஆள். அவர் தவறினால் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையின் வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 1.8 முதல் 1.9 கோடி ரூபாய். அதுவரை நிரூபிக்கும் நஷ்டத்துக்கு, 'எங்கள் தவறில்லை' என்று நிறுவனம் கை கழுவ முடியாது. அதற்கு மேல் கேட்டால், தன் பக்கம் தவறில்லை என்று அதுதான் காட்ட வேண்டும். உடனடிச் செலவுக்குத் தரும் முன்பணத்தை வாங்கலாம், பிறகு கழித்துக்கொள்வார்கள். ஆனால் 'இறுதித் தீர்வாகப் பெற்றேன்' என்ற ரசீதில் கையெழுத்துப் போடக் கூடாது.

டிக்கெட் மெயிலைத் தேடி எடுங்கள். சென்னையிலிருந்து போய்த் திரும்பி வர ஒரே டிக்கெட்டா? அப்படியானால் எங்கே விழுந்தாலும் சட்டப்படி அவர் போய்ச் சேரும் இடம் சென்னைதான். வழக்கை இந்தியாவிலேயே போடலாம். அவர் போன நாடு உடன்படிக்கையில் சேராததாக இருந்தாலும் இது பொருந்தும். போக மட்டும் எடுத்து, அந்த நாடும் சேராததாக இருந்தால் இந்த உடன்படிக்கையே பொருந்தாது, கணக்கு முழுக்க வேறு. ஆகவே மெயிலைப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள்.

பத்திரத்தைப் பார்த்தேன். பங்குக்கான இடத்தில் 30 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பின்னால் அதை 50 ஆக்க ஒரு ரப்பர் போதும். அடுத்த வரியில், எல்லாத் தொகையையும் அவரே பெற்று அவரே ரசீது கொடுக்கலாம் என்று இருக்கிறது. கிடைப்பதில் பங்கு பேசக் கூடாதென்று வக்கீலுக்கே பார் கவுன்சில் விதி இருக்கும்போது தரகருக்கு எதற்குப் பங்கு? இந்தக் கூட்டம் சாவு வீட்டு முகவரியைத் தேடிப் பிடிக்கிறது. கையெழுத்து வேண்டாம்.

வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மா பெயரும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். தாசில்தார் அலுவலகத்தில் இந்த ஒன்றுக்காகவே திருப்பி அனுப்புவார்கள், மாதக்கணக்கில் அலையவிடுவார்கள். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி, முதல் தடவையே சேர்த்துக் கொடுங்கள்.