கோல்ரிட்ஜின் கற்பனை: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இமாஜினேஷன், ஃபேன்சி என்று இரண்டாகப் பிரிக்கிறாரே, நமக்கு இரண்டும் கற்பனைதானே? தேர்வுக்குப் படிக்கிறேன். சுலபமாகச் சொல்லுங்கள்.

பதில்: அவர் காட்டிய உதாரணங்களையே எடுத்துக்கொள்வோம். சாமுவேல் பட்லர் என்ற ஆங்கிலக் கவிஞர் விடியலைப் பற்றி எழுதுகிறார்: வேகவைத்த சிங்கி இறால் போலக் காலை கறுப்பிலிருந்து சிவப்பாக மாறத் தொடங்கியது. படித்ததும் சிரிப்பு வரும். ஆனால் விடியலையும் இறாலையும் ஒட்டவைப்பது நிறம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் இரண்டும் தனித்தனியே கிடக்கும். நினைவில் இருக்கும் சரக்கை இப்படி இடம் மாற்றி அடுக்குவதுதான் ஃபேன்சி.

அடுத்தது ஷேக்ஸ்பியர். வானிலிருந்து எரிநட்சத்திரம் பாய்வதுபோல, இரவில் காதல் தேவதை வீனஸின் கண்ணைவிட்டு, அவள் விரும்பும் இளைஞன் அடோனிஸ் நழுவிப்போகிறான். அவன் அழகு, போகிற வேகம், பார்த்துக்கொண்டே நிற்பவளின் ஏக்கம், இனி வரமாட்டான் என்கிற தவிப்பு எல்லாம் அந்த ஒரே காட்சிக்குள் கரைந்துவிட்டன. எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. இதுதான் இமாஜினேஷன்.

கேள்வி: அந்த இமாஜினேஷனிலும் முதல்நிலை, இரண்டாம் நிலை என்று வருகிறது. முதலாவது சாதாரண மனிதர்களுக்கு, இரண்டாவது கவிஞர்களுக்கு, சரியா?

பதில்: பாதி சரி. 1817இல் வந்த 'பயோகிராஃபியா லிட்டரேரியா' என்ற அவருடைய நூலின் 13ஆம் அத்தியாயத்தில் இது இருக்கிறது. முதல்நிலை எல்லோருக்கும் உண்டு. நிறமும் வடிவமும் ஓசையுமாக வந்து விழுவதை 'இது மரம்' என்று ஒன்றாக்கிக் காண்கிறோமே, அந்தக் காண்பதே ஒரு படைப்புச் செயல் என்கிறார். மனம் வெறும் கண்ணாடி இல்லை. கடவுளின் முடிவற்ற படைப்பு, எல்லைக்குட்பட்ட நம் மனத்தில் திரும்ப நிகழ்வதாகவே அவர் இதைப் பார்த்தார். இரண்டாம் நிலை அதன் எதிரொலி. அது நம் விருப்பத்தோடு சேர்ந்து இயங்கும். கண்டதைக் கரைத்து, கலைத்து, மறுபடி உருவாக்கும். வேறுபாடு அளவிலும் செயல்படும் விதத்திலும்தான், இனத்தில் இல்லை. கவிஞனுக்கென்று தனியாக ஒரு மாயசக்தியை அவர் ஒதுக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: கண்ணை மூடி அமர்வதைத்தானே தியானம் என்கிறோம்? கோல்ரிட்ஜின் ஆழ்ந்த சிந்தனையும் அப்படி உலகத்தைவிட்டு விலகுவதா?

பதில்: இல்லை. 1797 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தின் சாமர்செட்டில் நெதர் ஸ்டோவி என்ற ஊரில் அவர் குடியிருந்தார். நண்பரான எழுத்தாளர் சார்ல்ஸ் லாம் லண்டனிலிருந்து வந்திருந்தார்; கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் உடன் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோல்ரிட்ஜின் காலில் கொதிக்கும் பால் கொட்டிவிட்டது. நண்பர்கள் மலைப்பக்கம் நடக்கப் போய்விட, இவர் பக்கத்துத் தோட்டத்தில் லைம் மரங்களின் நிழலில் உட்கார்ந்திருந்தார். (எலுமிச்சை இல்லை, இது லிண்டன் மரம்.) அந்த நிழலைத் தன் சிறை என்று அழைத்து ஒரு கவிதை எழுதினார்.

முதலில் நண்பர்களோடு மனத்தால் நடக்கிறார். வெயில் எட்டாத பள்ளத்தாக்கில் பாலம்போலச் சாய்ந்த ஆஷ் மரம், சொட்டும் ஈரச்செடிகள், அப்புறம் விரிந்த வானமும் கடலும். நகரத்தில் அடைபட்டுக் கிடந்த லாம் இதையெல்லாம் பார்ப்பாரே என்று மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சியோடு திரும்பிவந்து பார்த்தால், சிறையாகத் தெரிந்த இடமே மாறியிருக்கிறது. வெயில் ஊடுருவும் இலை, அதன்மேல் விழும் மேலிலையின் நிழல், அவரைப் பூவில் பாடும் ஒற்றை வண்டு எல்லாம் இப்போது கண்ணில் படுகின்றன. தூரத்தில் இருப்பதைக் கற்பனையால் கண்ட மனம், பக்கத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்க்கப் பழகிவிட்டது. அவருடைய ஆழ்நோக்கு இப்படித்தான் இயங்குகிறது.

கேள்வி: அப்படியானால் ஊன்றிப் பார்த்தால் போதும், கற்பனை வந்துவிடுமா?

பதில்: வராது என்று அவரே வேதனையோடு எழுதியிருக்கிறார். 1802இல் எழுதிய 'டிஜெக்ஷன்' (மனச்சோர்வு) கவிதையில் மாலை வானத்தையும் பிறைநிலவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு அழகு என்று கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே எதுவும் அசையவில்லை. நாம் கொடுப்பதைத்தான் இயற்கையிடமிருந்து பெறுகிறோம் என்கிறார். மனத்தில் மகிழ்ச்சி வற்றினால் பார்வை வெறும் பார்வையாகவே நின்றுவிடுகிறது. தனக்குப் பிறவியிலேயே கிடைத்த கற்பனைச் சக்தியைத் துயரம் ஒவ்வொரு முறையும் முடக்கிப்போடுகிறது என்று அவர் சொல்லும் வரியைப் பதற்றமில்லாமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

கேள்வி: ஷெல்லிங்கிடமிருந்து காப்பியடித்தவர் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். 'பயோகிராஃபியா லிட்டரேரியா'வின் 12ஆம் அத்தியாயத்தில் அந்த ஜெர்மன் தத்துவவாதியின் பத்திகள் சரியான ஒப்புதல் இல்லாமல் மொழிபெயர்ப்பாக வருகின்றன. கோல்ரிட்ஜ் இறந்த 1834ஆம் ஆண்டிலேயே எழுத்தாளர் டி குவின்சி இதை வெளியே சொன்னார். அது தவறு, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஃபேன்சி சேர்த்து வைப்பது, இமாஜினேஷன் மாற்றி ஒன்றாக்குவது என்ற வேறுபாட்டைக் கோல்ரிட்ஜ் 1802இலேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். அதற்கு ஊற்று அவருடைய சொந்த வாசிப்பும் அனுபவமும்தான் என்பது என் கருத்து.

கேள்வி: தத்துவம் தலைக்கு ஏறவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 1798இல் எழுதிய 'ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்' (நள்ளிரவில் உறைபனி) கவிதையிலிருந்து. நள்ளிரவு, பக்கத்தில் தூங்கும் குழந்தை, கணப்படுப்பின் கம்பியில் படபடக்கும் ஒரு கரிப்படலம். யாரோ வரப்போவதற்கு அது அடையாளம் என்பது அந்நாட்டு நம்பிக்கை. அந்தத் துணுக்கிலிருந்து தன் பள்ளி நாட்களுக்கும், பிறகு மகனின் எதிர்காலத்துக்கும் எப்படிப் போகிறார் என்று மெதுவாகப் பின்தொடருங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது.