ரோமாபுரியில் மக்காச்சோளமா?

உங்கள் மொழிபெயர்ப்பில் ரோமானியர் 'பொலெந்தா' சாப்பிடும் இடத்தில் 'மக்காச்சோளக் கூழ்' என்று போட்டதும் பதிப்பாசிரியர் சிவப்பில் வட்டமிட்டுவிட்டார் என்கிறீர்கள். அகராதியில் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதி சொல்வது இன்றைய இத்தாலியப் பொருள். நூலில் இருப்பதோ பழைய லத்தீன் பொருள்.

மக்காச்சோளம் அமெரிக்கத் தானியம். 1492-க்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தது. லத்தீனில் பொலெந்தா என்றால் வாற்கோதுமை மாவு. நுண்ணிய மாவைக் குறிக்கும் 'பொல்லென்' அதற்கு உறவுக்காரச் சொல். (ஆமாம், மகரந்தத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே பொல்லென்தான்!)

முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கர்கள் வாற்கோதுமையை நனைத்து, ஓர் இரவு உலர்த்தி, மறுநாள் வறுத்துத் திரிகையில் உடைப்பார்களாம். எந்த முறையில் செய்தாலும் 20 ராத்தல் வாற்கோதுமைக்கு 3 ராத்தல் ஆளி விதை, அரை ராத்தல் கொத்தமல்லி, கொஞ்சம் உப்பு. படித்தால் நம் சத்துமாவுதான் நினைவுக்கு வருகிறது.

பிற்பாடு தினை, கஷ்கொட்டை, பக்வீட் (ஒரு வகைத் தானியம்) என எதைக் கிண்டினாலும் அதே பெயர். மக்காச்சோளம் வந்ததும் பெயரை அதுவே எடுத்துக்கொண்டது. அந்தத் தானியத்துக்கு இத்தாலியர் வைத்த பெயரோ 'கிரான்துர்கோ', அதாவது துருக்கித் தானியம்! வட இத்தாலியில் வால்தெல்லீனாப் பக்கம் பக்வீட் கலந்த 'பொலெந்தா தரான்யா' இன்றும் உண்டு.

சரி, உங்கள் வரிக்கு 'வறுத்த வாற்கோதுமை மாவு' என்றே போடுங்கள். 'கூழ்' வேண்டாம். ரோமானியக் கூழுக்கு 'புல்ஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அது வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.